மலையில் பிறக்கும் மின்சாரம் லயத்துக்கு வந்த வழி

களனி கங்கையின் மலைநாட்டு நீர் கொழும்பில் கடலைச் சேர்வதற்கு முன் நான்கு தடவை மின்சாரம் தந்துவிட்டுப் போகிறது. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தேங்கும் கெஹெல்கமு ஓயாவின் நீர் முதலில் விமலசுரேந்திர மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றுகிறது. அங்கிருந்து நோட்டன் அணைக்குள் வந்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகவும் செங்குத்தான அழுத்தக் குழாய்கள் வழியாகவும் பழைய லக்ஷபானவுக்கு இறங்குகிறது. அதற்கும் கீழே பொல்பிட்டிய. கடைசியாகக் கித்துள்கலைப் பக்கத்தில் அண்மையில் சேர்ந்த புரோட்லண்ட்ஸ். பக்கத்துப் பள்ளத்தாக்கில் மஸ்கெலியா ஓயா மவுஸ்ஸாக்கலையில் தேங்கி, கெனியன், புதிய லக்ஷபான என்று படியிறங்கி, அதே பொல்பிட்டியவை வந்தடைகிறது. இரண்டு ஓயாக்கள், ஆறு மின்நிலையங்கள், ஏறத்தாழ 400 மெகாவாட் கொள்திறன். ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா என்று தேயிலைக்குப் பேர்போன ஊர்கள் எல்லாம் இந்த இரண்டு ஓயாக்களின் நீரேந்துப் பரப்பிலேயே இருக்கின்றன. இது தற்செயல் அன்று. தேயிலைக்கு வேண்டியது உயரம், சரிவு, ஓயாத மழை. நீர்மின்சாரத்துக்கு வேண்டியதும் அவையே. தென்மேல் பருவக்காற்று இந்த மலைகளின் மேற்கு முகத்தில் மோதி மேலெழுந்து குளிரும்போது வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்தில் கொட்டும் மழை, இலங்கையிலேயே மிக அதிகமான மழைகளில் ஒன்று.

அந்த மழை எவ்வளவு மின்சாரம் ஆகிறது என்பதைப் பள்ளிக்கூடப் பௌதிகத்தைக் கொண்டே கணக்கிட்டுவிடலாம். ஒரு கன மீட்டர் நீரின் எடை ஆயிரம் கிலோ. காசல்ரீயின் நீர்மட்டத்திலிருந்து பொல்பிட்டிய வரை அது இறங்கும் உயரம் மொத்தத்தில் 900 மீட்டருக்குக் குறையாது. எடையையும் உயரத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கினால் ஏறத்தாழ 88 இலட்சம் ஜூல். அதாவது மின்பட்டியலின் கணக்கில் இரண்டரை அலகுக்குச் சற்றுக் குறைவு. குழாயின் உராய்விலும் சுழலியிலும் பிறப்பாக்கியிலும் இழப்பதைக் கழித்தால் இரண்டு அலகு மிஞ்சும். மாதம் 60 அலகு பாவிக்கும் ஒரு குடும்பத்துக்கு 30 கன மீட்டர் நீர், மூன்று பெரிய பவுசர்கள் அளவு, மலையிலிருந்து இறங்கினால் போதும். எரிபொருள் இல்லை, புகை இல்லை. சுழற்றிவிட்ட நீரும் கெடாமல் கீழே போய்க் கொழும்பின் குடிநீராகிறது. நீர்மின்சாரத்தின் பெறுமதி அலகுக் கணக்கோடு முடிவதுமில்லை. நிலக்கரி நிலையமொன்றைக் குளிர்ந்த நிலையிலிருந்து இயங்கவைக்கப் பல மணி நேரமாகும். நீர்ச்சுழலிக்கு வாயிலைத் திறந்துவிட்டால் சில நிமிடங்கள் போதும். 2020 ஆகஸ்ட் 17ஆம் திகதியும் 2025 பெப்ரவரி 9ஆம் திகதியும் நாடு முழுவதும் இருண்டதே, அப்படி முற்றாக விழுந்துவிட்ட கட்டமைப்பை மீண்டும் எழுப்பும் வேலை நீர்மின் நிலையங்களை நம்பித்தான் தொடங்கும். வெளியிலிருந்து மின்சாரம் வராமலே தன்னைத் தானே தொடக்கிக்கொள்ள அவற்றால் முடியும்.

இவ்வளவு மின்சாரம் பிறக்கும் மலைகளில், தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயங்கள் பலவற்றுக்கு மின்விளக்கு வந்தது நாட்டிலேயே கடைசியாக. அணைக்கட்டு கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தும் குப்பி விளக்கில் படித்த பிள்ளைகள் ஒரு தலைமுறையோடு முடியவில்லை. இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் சில தொழில்நுட்பம் சார்ந்தவை, உண்மையும் கூட. ஆனால் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், மின்சாரம் எங்கே இறங்கும், எங்கே இறங்காமல் தலைக்கு மேலே போகும் என்பதைப் பௌதிகம் தீர்மானிக்கவில்லை, மனிதர்களே தீர்மானித்தார்கள் என்பது தெளிவாகும். அந்தத் தீர்மானம் இன்னும் முழுதாகத் திருத்தப்படவில்லை என்பதே இங்கே சொல்ல வருவது.

வரலாற்றிலிருந்து தொடங்கலாம். நுவரெலியா நகரத்துக்கு வெளிச்சம் கொடுக்க நானுஓயாப் பக்கம் பிளாக்பூலில் ஒரு சிறு நீர்மின் நிலையம் 1912 அளவிலேயே இயங்கியது. அதோடு தொடர்புபட்டிருந்த பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் ஓர் ஆய்வுரையை முன்வைத்தார். மஸ்கெலியா, கெஹெல்கமு ஓயாக்களின் நீரைக் கொண்டு நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கலாம், ரயிலையும் ஓட்டலாம் என்று அதில் எண்களோடு வாதாடினார். காலனி ஆட்சி அதை உற்சாகத்தோடு ஏற்கவில்லை. 1920களில் தொடங்கிய வேலை நின்றது. பிறகு போர் வந்தது. லக்ஷபானவின் முதற்கட்டம் 25 மெகாவாட்டோடு இயங்கத் தொடங்கியபோது 1950 ஆகிவிட்டது. அதற்குப் பின் வேகம் கூடியது. 1958இல் பழைய லக்ஷபானவின் இரண்டாம் கட்டம், 1965இல் விமலசுரேந்திர, 1969இல் பொல்பிட்டிய, 1974இல் புதிய லக்ஷபான, 1983இல் கெனியன். முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஒரு மலைத்தொடரே மின்சாரத் தொழிற்சாலையானது. இந்த ஆண்டுகளை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வேறொரு ஆண்டு வரிசை இவற்றோடு பொருந்தி வரும்.

இனி தொழில்நுட்பக் காரணம். லக்ஷபானவின் 25 மெகாவாட்டையும் வீட்டுக்கு வரும் 400 வோல்ட் மும்முனைக் கம்பியில் அனுப்ப முயன்றால் ஏறத்தாழ 36,000 ஆம்பியர் ஓடவேண்டும். அந்த ஓட்டத்தைத் தாங்கும் கம்பியைக் கோபுரத்தில் தொங்கவிடவே முடியாது. அதையே 66,000 வோல்ட்டுக்கு உயர்த்தினால் 220 ஆம்பியர் போதும். கம்பியில் வெப்பமாக வீணாகும் மின்சாரம் ஓட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், குறையும். ஓட்டம் 165 மடங்கு குறையும்போது இழப்பு 27,000 மடங்கு குறைகிறது. இதனால்தான் லக்ஷபானவிலிருந்து கொலன்னாவைக்கு முதலில் 66 கிலோவோல்ட் கம்பி இழுத்தார்கள். பின்னர் 132 கிலோவோல்ட். கொத்மலையிலிருந்து பியகமவுக்கு 220 கிலோவோல்ட். தேயிலை மலைக்கு நடுவே கால் பரப்பி நிற்கும் இரும்புக் கோபுரங்கள் சுமப்பது இந்த மின்சாரத்தை. அதில் நேரடியாக ஒரு குமிழை எரிய வைக்க முடியாது. ஊரில் நிற்காமல் கடந்து போகும் கடுகதி ரயிலைப் போன்றது அது. ஏறவேண்டுமானால் ஒரு நிலையம் கட்டியாக வேண்டும். உபமின் நிலையத்தில் 132 கிலோவோல்ட்டை 33 கிலோவோல்ட்டாக இறக்கி, அங்கிருந்து மரக்கம்பத்திலோ கொங்கிரீட் கம்பத்திலோ ஊருக்குள் கொண்டுபோய், கம்பத்தில் தொங்கும் ட்ரான்ஸ்போமரில் 400 வோல்ட்டாக இறக்கினால்தான் வீட்டுக்கு வரும். ஆகவே, பக்கத்திலேயே மின்நிலையம் இருந்தும் ஏன் வெளிச்சம் இல்லை என்று கேட்பவருக்குப் பொறியியலாளர் சொல்லும் பதில் சரிதான். மின்சாரத்தைப் பொறுத்தவரை அருகில் இருப்பதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. இறக்கும் இடம் எங்கே என்பதே எல்லாம்.

ஆனால் அந்தப் பதில் பாதி வழியில் நின்றுவிடுகிறது. ஏனென்றால் தோட்டங்களுக்குள் மின்சாரம் இறங்கியே இருந்தது. லக்ஷபானவுக்கு வெகு காலத்துக்கு முன்பே ஸ்டோர் என்று தோட்டத்து மக்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைகள் ஆற்றுநீரில் ஓடின. முதலில் நீர்ச்சக்கரம், பிறகு சிறு சுழலிகள். கொழுந்தை வாட்டும் விசிறியையும் உருட்டும் இயந்திரத்தையும் சலிக்கும் சல்லடைகளையும் அவை இயக்கின. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலைநாட்டில் இப்படி நூற்றுக்கணக்கான சிறு நீர்மின் அமைப்புகள் இருந்தன. பல தோட்டங்களில் அந்த டைனமோவிலிருந்து துரையின் பங்களாவுக்கு ஒரு கம்பி போனது. பங்களா பெரும்பாலும் குன்றின் உச்சியில். லயம் பள்ளத்தில், ஸ்டோருக்குக் கிட்டே. பங்களாவுக்கு ஏறிய கம்பி லயத்துக்கு இறங்கவில்லை. இங்கே உயர் மின்னழுத்தம் என்ற தடை இல்லை, உபமின் நிலையச் செலவு இல்லை, தூரமும் இல்லை. இரவில் ஸ்டோர் ஓடாத நேரத்தில் சுழலியில் சும்மா இருந்த திறனில் சில நூறு வாட் போதும், ஒரு லயத்தில் காம்பரா எனப்படும் ஒவ்வோர் அறையிலும் ஒரு குமிழ் எரிய. தொழில்நுட்பக் காரணம் என்ற வாதத்தை முறிக்க இதைவிட நேரான சான்று தேவையில்லை. 1950களிலும் 60களிலும் தேசியக் கட்டமைப்பின் 33 கிலோவோல்ட் கம்பி ஸ்டோர் வாசலுக்கு வந்து, அந்தச் சிறு சுழலிகள் துருப்பிடிக்கத் தொடங்கிய பிறகும் கதை மாறவில்லை. ட்ரான்ஸ்போமர் ஸ்டோருக்கு வந்தது. அங்கிருந்து லயத்துக்கு இருந்த சில நூறு மீட்டரைக் கடக்கப் பல தோட்டங்களில் இன்னும் முப்பது, நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

அடுத்து வருவது செலவு வாதம். மலையில் கம்பம் நடுவது கடினம், மின்பாவனை குறைவு, பட்டியல் கட்ட வசதியில்லாத மக்கள், ஆகவே இலாபமில்லை என்பார்கள். கிராமத்து மின்சாரம் எங்கும் இலாபத்துக்காக வந்ததில்லை. உலர் வலயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே நூறு மீட்டர் தோட்டமும் வயலும் கிடக்கும் கிராமங்களுக்கு அரசு மானியத்தில் கம்பி இழுத்தது; இழுத்தது சரியே. அந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் லயத்துக்கே மிகக் குறைந்த செலவு. ஒரே கூரையின் கீழ் பத்து, பன்னிரண்டு, சில இடங்களில் இருபத்து நான்கு காம்பராக்கள். ஒரு கம்பத்திலிருந்து ஓர் இணைப்பு இழுத்தால் அத்தனை குடும்பத்தையும் எட்டிவிடலாம். ஒரு வீட்டுக்கு எத்தனை மீட்டர் கம்பி என்று கணக்குப் போட்டால், கிராமத்தை விட லயம் மலிவு. மனிதர்களை நெருக்கியடித்துக் குடியமர்த்திய அந்தக் கொடுமை, மின் இணைப்பு என்று வரும்போது ஒரு வசதியாக மாறியிருக்க வேண்டும். மாறவில்லை.

ஏன் மாறவில்லை என்பதற்கு இன்னொரு ஆண்டு வரிசையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1947 தேர்தலில் மலையகத் தொழிலாளரின் வாக்குகளால் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் சட்டத் திருத்தமும் அந்த வாக்குகளைப் பறித்தன. லக்ஷபான இயங்கத் தொடங்கியது அடுத்த ஆண்டில். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்த மக்களை இரு நாடுகளுக்கிடையே பங்கு பிரித்தபோது விமலசுரேந்திர நிலையம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. மலையகத் தலைவர் எஸ். தொண்டமான் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற 1977இல் புதிய லக்ஷபான ஏற்கெனவே மூன்று வயது. குடியுரிமைப் பிரச்சினை சட்டத்தில் பெரும்பாலும் முடிந்தது 2003இல். எந்த ஊருக்கு முதலில் கம்பி இழுப்பது என்பதைத் தொகுதி உறுப்பினரின் சொல் பெரிதும் தீர்மானித்த காலம் அது. சொல்வதற்கு உறுப்பினர் இல்லாத மக்களுக்குக் கம்பி வராததில் வியப்பில்லை. உள்ளூராட்சியிலும் அதே கதவு சாத்தியிருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குள் சபைகள் பணம் செலவிடுவதைத் தடுக்கும் விதத்தில் எழுதப்பட்டிருந்தது. 2018 வரை அது திருத்தப்படவில்லை. இவற்றுக்கு மேல் வீட்டுரிமை. லயம் குடியிருப்பவரின் சொத்து அன்று. 1970களின் நிலச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. மின் இணைப்புக்கு விண்ணப்பிப்பவர் வீட்டுக்கு உரிமையைக் காட்டவேண்டும். உரிமை இல்லாதவர் நிர்வாகத்தின் சம்மதக் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

இப்போது எல்லாருக்கும் வந்துவிட்டதே, பழங்கதை எதற்கு என்று கேட்கலாம். 2016 அளவில் நாடு முழு மின்மயமாகிவிட்டதாக அறிவிக்கப்பட்டது. இன்று மின்சாரம் அறவே இல்லாத லயங்கள் மிகச் சிலவே. இலங்கை மின்சார சபையின் ஊழியர்கள் மழையிலும் சேற்றிலும் கம்பம் சுமந்து ஏறிய உழைப்பை யாரும் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் இணைப்பு இருப்பதும் நல்ல மின்சாரம் இருப்பதும் ஒன்றல்ல. ட்ரான்ஸ்போமரிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, மேற்கணக்கு எனப்படும் தோட்டத்து மேற்பிரிவின் கடைசியில் ஒரு லயம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சாதாரண அலுமினியக் கம்பியில் ஒருமுனை மின்சாரம் போய்த் திரும்பும் பாதைக்கு ஏறத்தாழ 1.3 ஓம் தடை இருக்கும். மாலையில் கொழுந்து நிறுவை முடிந்து வந்து நான்கு வீடுகளில் மின்கேத்தலைப் போட்டால் 30 ஆம்பியர் ஓடும். கம்பியிலேயே 40 வோல்ட் தொலைந்துவிடும். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 190. சட்டப்படி கூடக்குறைய 6 விழுக்காட்டுக்குள், அதாவது 216 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கவேண்டும். குமிழ் மங்கும், குளிரூட்டியின் மோட்டார் சூடாகிக் கெடும், பிள்ளை படிக்கும் நேரத்தில் விளக்கு துடிக்கும். இதைத் தீர்க்க இன்னொரு ட்ரான்ஸ்போமரை மேற்கணக்குக்கே கொண்டுபோக வேண்டும். 33 கிலோவோல்ட் கம்பியும் பல இடங்களில் ஒற்றைக் கிளையாகவே ஓடுகிறது. ஒரு கருப்பன்தைலா மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ அதற்கு அப்பால் உள்ள அத்தனை பிரிவுகளும் இருளும். நகரத்தில் மறுபக்கத்திலிருந்து மின்சாரத்தைத் திருப்பிவிடலாம். தோட்டத்தில் மறுபக்கமே கிடையாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைச் சரித்துப் போட்டபோது பல இடங்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்ததற்குப் புயலின் சீற்றம் ஒரு காரணம் என்றால், இந்த ஒற்றைக் கிளை இன்னொரு காரணம்.

வீட்டுக்குள் இருக்கும் கம்பியின் கதை இதைவிடக் கவலைக்குரியது. லயத்தில் தீ என்ற செய்தி ஆண்டுக்குப் பல தடவை வருகிறது. காரணம் மின்னொழுக்கு என்று பொலிஸார் சொல்வதாகவே பெரும்பாலும் முடிகிறது. அந்த ஒரு சொல்லோடு எல்லாரும் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டும். நூறு ஆண்டு பழைய கட்டடத்தில் பின்னால் மின்சாரம் வந்தது. ஒரு குமிழுக்காக இழுத்த மெல்லிய கம்பி இப்போது தொலைக்காட்சியையும் இஸ்திரிப்பெட்டியையும் கேத்தலையும் சுமக்கிறது. குடும்பம் பெருகி, காம்பராவோடு ஒட்டிப் பலகையால் ஒரு குசினி எழும்போது பழைய கம்பியில் துணி நாடா சுற்றி ஓர் ஒட்டு. தகரக் கூரையில் ஈரம் ஒழுகி அந்த ஒட்டில் படிகிறது. அங்கே ஆம்பியரில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவான, 300 மில்லி ஆம்பியர் ஒழுகினாலே ஏறத்தாழ 70 வாட் வெப்பம் ஒரே புள்ளியில் பிறக்கும். பாதி உலர்ந்த பலகையைக் கருக்கிப் பற்றவைக்க அது போதும். 15 ஆம்பியர் பியூஸ் அதை உணரவே உணராது, ஏனென்றால் அதன் கண்ணுக்கு இது ஒரு குமிழின் பாவனை. போகும் ஓட்டத்தையும் திரும்பும் ஓட்டத்தையும் ஒப்பிட்டு, 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டாலே அறுத்துவிடும் ட்ரிப் சுவிட்சும் ஒழுங்கான புவிக்கம்பியும் இருந்தால் தீப்பற்றுமுன் மின்சாரம் நின்றுவிடும். இல்லாதபோது, காம்பராக்களைப் பிரிக்கும் சுவர் கூரை வரை எழும்பாத லயத்தில், ஒரு காம்பராவின் தீ கூரைக்கடியில் ஓடி முழு வரிசையையும் எரித்துவிடுகிறது. சில இடங்களில் லயத்துக்கே ஒரு பொது இணைப்பு இருந்து கட்டணம் சம்பளத்தில் கழிபட்டது. தனி மானி இல்லாத வீட்டின் கம்பியைச் சோதிப்பது யாருடைய பொறுப்பு என்பதும் அங்கே தெளிவில்லை. இந்திய உதவியிலும் அரசின் திட்டங்களிலும் எழும்பும் ஏழு பேர்ச் தனிவீடுகளில் மானியும் புதிய கம்பியும் இருக்கின்றன. ஆனால் அவை எழும்பும் வேகத்தைப் பார்த்தால், லயத்தில் இன்னும் நெடுங்காலம் மக்கள் வாழப்போகிறார்கள் என்பது தெரியும்.

சிறு நீர்மின் நிலையங்களும் சூரியத்தகடுகளும் இருக்க, தேசியக் கம்பியையே ஏன் நம்பவேண்டும் என்பது நியாயமான கேள்வி. 1990களின் நடுப்பகுதியிலிருந்து மலைநாட்டு ஓடைகளில் தனியார் சிறு நீர்மின் நிலையங்கள் பெருகின. நாடு முழுவதும் இன்று 200க்கு மேல், 400 மெகாவாட்டுக்கு மேல். அவற்றின் மின்சாரம் அத்தனையும் ஒப்பந்த விலைக்குக் கட்டமைப்புக்கே விற்கப்படுகிறது. ஓடைக்கரை லயத்துக்கு அதனால் ஓர் அலகும் கூடவில்லை. ஓடையைக் குழாய்க்குள் திருப்பும் நிலையங்களால் அணைக்கும் சுழலிக்கும் இடைப்பட்ட பகுதி வறண்ட காலத்தில் கல்லும் மணலுமாகக் கிடக்கும். குளிக்கவும் துவைக்கவும் அந்த நீரையே நம்பியிருக்கும் லயத்துக்கு அது நட்டம். சூரியத்தகடு நல்ல துணை, ஆனால் தென்மேல் பருவத்தில் வாரக்கணக்கில் சூரியனைக் காணாத ஹட்டன் பக்கத்தில், லயத்துக் கூரையில் அது தனி வழியாகாது. தோட்டத்துப் பழைய சுழலிகளைப் புதுப்பித்து, ஸ்டோருக்கும் லயத்துக்குமாக ஓட்டி, மிச்சத்தைக் கட்டமைப்புக்கு விற்பது ஒரு நல்ல வழி. புயலில் 33 கிலோவோல்ட் அறுந்தாலும் தோட்டம் தனித்து இயங்கும். அதற்கும் ஒப்பந்தத்தில் லயத்தின் பங்கை எழுதிவைக்க யாராவது வேண்டும்.

இங்கேதான் ஆறு யாருக்குச் சொந்தம் என்ற பெரிய மறுப்பு வரும். ஆறு முழு நாட்டுக்கும் சொந்தம். நீர்மின்சாரத்தின் மலிவு தீவின் ஒவ்வொரு பட்டியலிலும் கரைந்து எல்லாருக்கும் போய்ச் சேருகிறது. மலையகத்துக்குத் தனிப்பங்கு கேட்டால் மற்ற மாவட்டங்களும் கேட்கும் என்பார்கள். முதற்பகுதியை நானும் ஏற்கிறேன். ஆனால் அணை கட்டும்போது இழப்பு எல்லாருக்கும் பங்கிடப்படவில்லை. மவுஸ்ஸாக்கலை நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் போனது; கடும் வறட்சியில் அதன் பழைய கோவில் இன்னும் சேற்றுக்கு மேல் தலைகாட்டுகிறது. மேல் கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலையில் அணை எழுந்து, 13 கிலோமீட்டர் அளவு சுரங்கத்துக்குள் நீர் திரும்பியபோது ஏறக்குறைய 500 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. சென் கிளயர் நீர்வீழ்ச்சி, பகலில் அளந்து திறந்துவிடும் நீரில் வாழவேண்டியதாயிற்று. 150 மெகாவாட் 2012இல் கட்டமைப்பில் சேர்ந்தது. இழப்பு ஓரிடத்தில் விழும்போது பயனின் ஒரு சிறு பகுதியும் அவ்விடத்துக்குத் திரும்பவேண்டும் என்பது புதுமையான கோரிக்கையன்று. நோர்வேயில் 1917ஆம் ஆண்டின் சட்டத்தில் தொடங்கிய ஏற்பாட்டின்படி, நீர்மின்சாரம் பிறக்கும் உள்ளூராட்சிகளுக்கு 10 விழுக்காடு வரை அடக்கவிலையில் மின்சாரம் பெறும் உரிமை உண்டு. இந்தியாவின் 2008 நீர்மின் கொள்கை, திட்டம் அமையும் மாநிலத்துக்கு 12 விழுக்காடு மின்சாரம் இலவசம் என்ற பழைய ஏற்பாட்டோடு, உள்ளூர் வளர்ச்சிக்கென மேலும் 1 விழுக்காட்டையும், பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் பத்து ஆண்டுகளுக்கு மாதம் 100 அலகையும் சேர்த்தது. நடைமுறையில் குறைகள் இருந்தாலும் கொள்கை எழுத்தில் இருக்கிறது. இலங்கையில் அது எழுத்திலும் இல்லை.

சின்னதாக ஒரு கணக்கு. லக்ஷபானத் தொகுதி சராசரியான மழை ஆண்டில் 150 கோடி அலகு அளவில் பிறப்பிக்கிறது. அதில் 1 விழுக்காடு ஒன்றரைக் கோடி அலகு. மாதம் 60 அலகு என்று கொண்டால் 20,000 குடும்பங்களின் ஓராண்டுப் பாவனைக்குச் சமம். மின்சார சபை கடனில் தத்தளித்த நாட்டில் இலவச மின்சாரம் கேட்பது பொறுப்பில்லை என்று யாராவது சொன்னால், இலவசப் பட்டியல் வேண்டாம் என்பதே என் பதில். அந்த ஒரு விழுக்காட்டின் பெறுமதியை நீரேந்துப் பரப்புக்கென ஒரு நிதியாக ஒதுக்கினால் போதும். அது அறச்செயல் மாத்திரமும் அல்ல. 1976இல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்லை நீர்த்தேக்கம், மலையிலிருந்து அரித்து வந்த மண்ணால் சில பத்தாண்டுகளிலேயே கொள்ளளவின் பெரும்பங்கை இழந்தது. தேயிலைச் செடிக்கிடையே வெறுமையாகக் கிடக்கும் மண், தூர்ந்த கான்கள், வெட்டப்பட்ட ஓடைக்கரை மரங்கள் எல்லாம் கடைசியில் அணையின் அடியில் வந்து படிகின்றன. கான் வெட்டுவதும் கல்லணை கட்டுவதும் இந்த மக்களின் கைகளே. காசல்ரீயின் ஆயுள், அதைச் சுற்றி வாழ்பவர்கள் அந்த மண்ணில் நிலைத்து வாழ்வதைப் பொறுத்திருக்கிறது.

இதைப் பேசவேண்டிய நேரமும் இதுவே. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டமும் அதற்கு 2025இல் வந்த திருத்தமும் மின்சார சபையைப் பிறப்பாக்கம், கடத்தல், விநியோகம் என்று தனித்தனி நிறுவனங்களாகப் பிரிக்கின்றன. பிரிந்த பிறகு நீர்மின் நிலையங்களின் வருமானம் ஒரு நிறுவனத்தின் கணக்கிலும் லயத்துக்கான கம்பியின் செலவு இன்னொரு நிறுவனத்தின் கணக்கிலும் நிற்கும். இரண்டையும் இணைக்கும் வரியொன்றை அனுமதிப்பத்திர நிபந்தனையிலோ கட்டண முறையிலோ இப்போது எழுதாவிட்டால் பிறகு யாரிடம் போய்க் கேட்பது என்பதே குழப்பமாகிவிடும். எழுதினால், அந்த நிதியில் முதலில் நடக்கவேண்டியது ஒவ்வொரு காம்பராவுக்கும் தனி மானி, புதிய கம்பி, புவிக்கம்பி, 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச். அடுத்தது, மாலை ஏழு மணிக்கு 216 வோல்ட்டுக்குக் கீழே போகும் பிரிவுகளை அளந்து அங்கே ட்ரான்ஸ்போமரை ஏற்றுவது. அதன் பிறகு, மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்து ஒற்றைக் கிளைகளுக்கு மறுமுனையிலிருந்து ஓர் இணைப்பு.